மூச்சுவிட்ட தூண்கள்

குளத்தை ஒட்டி ஒரு பழங்காலக் கல்மண்டபம் பாதி இடிந்து நின்றது.

"விருந்தாளிங்க வர்றாங்க. மண்டபம் முழுசாத் தெரியணும். ஆனா, கண்டவன் கை அதுமேல படக்கூடாது!" என்று பந்தல்காரக் குருவனிடம் ஜமீன்தார் உறுமினார்.

குருவன் கல்லைத் தொடாமல், விழுந்த தூண்கள் நின்ற இடத்திலெல்லாம் மூங்கில் வளையம் கட்டிச் சாம்பல்நிறத் துணியைச் சுற்றினான். விடியற்காலைப் பனியில் கல் எது, துணி எது என்றே தெரியவில்லை. காற்று வந்தபோது தூண்கள் மெல்ல மூச்சுவிட்டன. விருந்தாளிகள் சொக்கிப்போனார்கள்.

"என் பாட்டன் கட்டினது. யானை முட்டினாலும் அசையாது!" என்று ஜமீன்தார் ஒரு தூணில் சாய்ந்தார். துணியோடு தொப்பென்று குளத்தில் விழுந்தார்.

"தூண் எங்கடா?" என்று தண்ணீரிலிருந்து கத்தினார்.

குருவன் கைகட்டிச் சொன்னான்: "கண்டவன் கை படக்கூடாதுன்னு உத்தரவாச்சே, எசமான். ஆள் தெரியாம விலகிக்கிச்சு."