ஒரு நாளைக்கு ஒரு காய்

குன்றின் மேலிருந்த மடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். அவற்றில் ஏறி வந்து மடத்துக் குரு இசக்கியம்மையின் பொறுமையைச் சோதித்தவர்கள் ஏராளம். ஆனால் பொன்னம்பலத்தைப் போல உயிரை வாங்கியவர் யாருமில்லை.

அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடர் பதினாறு வயது மூத்தவர் என்பதால் அம்மை அவரை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார்.

வாத்தியாருக்கு ஒரு பயம் இருந்தது. அப்பா அறுபத்தொரு வயதில் போனார். அண்ணனும் அறுபத்தொன்றில்தான் போனார். இரண்டு பேருக்கும் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வருகிற ஐப்பசியில் இவருக்கு அறுபத்தொன்று.

காய்கனிகளில் இருக்கும் சில சத்துகள் ரத்தக்குழாயை இளக வைக்கும் என்று எங்கோ படித்துவிட்டார். எந்தச் சத்து, எந்தக் காயில்? காலையில் கேட்பார், பந்தியில் கேட்பார். அம்மை கண்மூடி உட்கார்ந்தால், கண் திறக்கும்வரை எதிரிலேயே காத்திருந்து கேட்பார்.

அன்று மத்தியானப் பந்தியில் எல்லார் இலையிலும் சோறு, அவியல், முருங்கைக்கீரை. வாத்தியார் இலையில் மட்டும் நாலு நெல்லிக்காய்.

ரச வாளியோடு வந்த அம்மை நின்றார்.

"என்ன வாத்தியாரே, விரதமா?"

"சோதனை, அம்மை. ஒரு நாளைக்கு ஒரு காய். முதல் நாள் வெறும் சின்ன வெங்காயம். அடுத்த நாள் பீட்ரூட். நேத்து மாதுளை. எல்லாத்தையும் சேத்துத் தின்னா எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக் கையில் கட்டினார். எண் நூற்று எழுபத்தாறில் வந்து நின்றது.

"பாத்தீங்களா! நாலு நாளா ஏறிக்கிட்டேதான் போவுது. படிச்சதெல்லாம் பொய்!" நெல்லிக்காயை முறைத்தார்.

அம்மைக்குச் சுருக்கென்றது.

"டாக்டர் குடுத்த மாத்திரை?"

"நிறுத்திட்டேன். அதையும் போட்டா சோதனை கெட்டுப்போவுமே."

கரண்டி வாளிக்குள் விழுந்தது. பந்தி முழுக்க மெல்லுவதை நிறுத்தியது.

"எந்திரிங்க."

வாசலுக்குக் கூட்டிப்போனார். கீழே படிகள் வெயிலில் காய்ந்து கிடந்தன.

"நீங்க வந்த அன்னைக்கு எந்தப் படி உங்கள மேல கொண்டு வந்துச்சு?"

"எல்லாப் படியுந்தான்."

"ஒண்ணைச் சொல்லுங்க."

வாத்தியார் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். அதைப் பார்த்ததும் அம்மைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இன்னைக்கு ஒரு படி ஏறி, எறங்கி வீட்டுக்குப் போயிருங்க. நாளைக்கு வேறொரு படி. கைப்பிடிக் கம்பியையும் பிடுங்கிப் போட்டுருங்க, அது சோதனையைக் கெடுக்கும். நாலு நாள் கழிச்சு வந்து, இந்தப் படிக்கட்டே பொய்யின்னு சொல்லுங்க!"

வாத்தியார் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு நேரமில்ல, அம்மை. ஐப்பசிக்குள்ள கண்டுபிடிக்கணும்."

அம்மையின் கோபம் தணியவில்லை. ஆனால் அவர் தோளில் கைவைத்துப் பந்திக்குத் திருப்பிக் கூட்டிவந்தார். சோறு போட்டார். அவியல், கீரை, எல்லாம் வைத்தார். நெல்லிக்காயையும் எடுக்கவில்லை. பையைத் துழாவி மாத்திரை அட்டையைக் கண்டெடுத்துத் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"இலை காலியாவட்டும். நேரா டாக்டர்கிட்டப் போறோம். நாலு நாள் பண்ண கூத்தை உங்க வாயாலயே சொல்லணும். நானும் வாரேன்."

வாத்தியார் மாத்திரையை விழுங்கினார். சாப்பிடத் தொடங்கினார். பாதிச் சோற்றில் அவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அம்மை பார்த்த பார்வையில் அது வாய்க்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"எது என்னைக் காப்பாத்துச்சுன்னு கடைசிவரைக்கும் தெரியாமலே போயிட்டா?"

"எண்பது வயசு வரைக்கும் தெரியாமலே இருங்க, வாத்தியாரே. இன்னும் கொஞ்சம் கீரை வைக்கட்டுமா?"