கொம்புமலையில் கலைந்த கற்கள்

குருமார்கள் மலையுச்சியில் வசிக்கிறார்கள் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. உச்சியில் தண்ணீர் கிடையாது. கொம்புமலையின் குரு வெள்ளையம்மாள், முகட்டைத் தாண்டி, உச்சிக்கு வெகு கீழே ஒரு சுனையோரம் இருந்தார். முழங்கால் வலியால் அவர் அங்கிருந்து அசைந்தே சில வருடங்கள் ஆகியிருந்தன. ஞானத்தால் முழங்கால் வலி தீரும் என்பதும் பிழையே.

அந்த மலையில் இன்னொரு நம்பிக்கை உண்டு. முகட்டில் மூன்று கல் அடுக்கினால் சொந்த வீடு அமையும். மலைவாசிகளோ வழி தவறாதிருக்கக் கல் அடுக்குவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம் என்று போன வருடம் ராக்கியண்ணன் குடும்பத்தோடு வந்தார். முகட்டின் விளிம்பில், நன்றாகக் காட்சி தெரியும் இடமாகப் பார்த்து, வீடு வேண்டிக் கல் அடுக்கினார். திரும்பும்போது மூடுபனி. பின்தங்கி வந்த மகன் கதிரேசன் அந்த அடுக்கை வழியென்று நம்பிக் கால் வைத்தான். அடுக்குக்கு அப்பால் மலை இல்லை. உடல் பள்ளத்தில் கிடைத்தது.

காரியம் முடிந்ததும் ராக்கியண்ணன் மலைக்கே திரும்பினார். தன்னைவிடப் பத்து வயது இளையவரான வெள்ளையம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். தினமும் முகட்டுக்குப் போய், கண்ணில் பட்ட அடுக்கையெல்லாம் கலைத்தார்.

"தாயே, எத்தனை கலைத்தால் அந்த ஒன்று கலையும்?"

"கலையாது."

மறுநாளும் போனார்.

ஒருநாள் உச்சிவேளையில் அவர் மனைவி பழனாத்தாளும் மகள் கோகிலாவும் சுனைக்கு வந்து சேர்ந்தார்கள். பழனாத்தாள் மூச்சு வாங்கினாள்.

"வூடு முடிஞ்சுதுங்க. பால் காய்ச்சோணும். வாங்க."

"அந்த வூட்டுல நான் எப்படிப் படுப்பேன்?"

"எனக்கு மட்டும் அவன் பக்கத்து வூட்டுப் பையனுங்களா?"

ராக்கியண்ணன் சுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்குக் கல்லோட குடும்பம் நடத்தத்தான் புடிச்சிருக்கு. வாம்மா, போலாம்," என்றாள் கோகிலா.

இருவரும் கிளம்பினார்கள். அதற்குள் முகட்டின் மீது பனி ஏறிவிட்டது. சற்றுத் தூரத்தில் கோகிலா நின்றாள்.

"அம்மா, எந்தப் பக்கமா வந்தோம்? ஒரு கல்லடையாளம்கூட இல்லயே."

ராக்கியண்ணன் திடுக்கிட்டுக் குருவைப் பார்த்தார்.

"மலைக்காரங்க வெச்ச அடுக்கெல்லாம் எங்கீங்க, தாயே?"

"அதையும் நீங்கதான் கலைச்சீங்க."

"எது எதுன்னு எனக்குத் தெரியலீங்களே."

"அவனுக்கும் தெரியல."

ராக்கியண்ணன் மகள் நின்ற பக்கம் திரும்பினார்.

"இப்ப இவங்க எப்படிங்க இறங்குவாங்க?"

"தினமும் அங்க நடந்தது நீங்க. மலையில மிச்சமிருக்கிற அடையாளம் நீங்க ஒருத்தர்தான்."

ராக்கியண்ணன் எழுந்து முன்னால் நடந்தார். அவர் துண்டின் முனையைக் கோகிலா பிடித்துக்கொண்டாள். அவள் கையைத் தாய் பிடித்துக்கொண்டாள். மூவரும் பனிக்குள் போனார்கள்.

மறுநாள் ராக்கியண்ணன் திரும்பி வரவில்லை. பிற்பகலில் பனி ஏறியது. காலையில் சுனைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் இறங்க வழி தெரியாமல் நின்றது. வெள்ளையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.