ஆடியில் கழற்றாத வளையல்

கேட்டு முடித்ததும் பதில் சொல்ல வேண்டிய கதை இது. அவசரமாகப் போக வேண்டியவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.

பேராவூரணிப் பக்கத்தில் மங்கையர்க்கரசி, வடிவாம்பாள் என்று அக்காள் தங்கை இருவர் இருந்தார்கள். அவர்களுடைய சின்ன வயதில் ஆடி பிறந்தது அடுப்படியிலேயே தெரிந்துவிடும். அம்மாவின் வளையல் சத்தம் நின்றுபோகும். ஊரை அழைத்துச் சோறு போட்டு மொய் வாங்கும் மொய்விருந்து மாதம் அது. ஊரார் விருந்துக்கெல்லாம் மொய் எழுத வேண்டும். தன் வீட்டு முறை வந்தால் விருந்தே போட வேண்டும். எதுவானாலும் அம்மாவின் நாலு வளையலும் அடகுக் கடைக்குப் போய்விடும். ரப்பர் வளையல் போட்ட கையோடு அம்மா பரிமாறுவாள். வளையல் மீண்டு வந்த அன்று மங்கை தாகமே இல்லாமல் தண்ணீர் கேட்பாள். செம்பில் வளையல் மோதுகிற சத்தத்துக்காகத்தான். அந்த வீட்டை இடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. சத்தம் மட்டும் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

மகள்களுக்கு ஆளுக்கொரு சோடியாக வளையலைப் பிரித்துக் கொடுத்தபோது அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "இனிமே இது அடகுக் கடைப் படி ஏறக் கூடாது."

இந்த வருஷம் இரண்டு வீட்டுக்கும் முறை வந்தது. செலவு குறையட்டும் என்று சேர்ந்தே விருந்து வைக்க முடிவானது. ஆடி மூன்றாம் வெள்ளி. இத்தனை வருஷமாக ஊருக்கு எழுதிய மொய் அன்று ஒரே நாளில் திரும்பி வரும். அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் கைமுதல் வேண்டும். ஆடியில் ஆட்டு விலை ஏறிவிடும் என்பதால் ஆனியிலேயே ஆடு பிடித்துக் கட்டுவது அக்காள் பொறுப்பு. அரிசி, மளிகை தங்கை பொறுப்பு.

வங்கியில் இருந்த பெண் இரண்டு வழி சொன்னாள்.

"கிரெடிட் கார்டுன்னா கடையில தேய்ச்சு வாங்கலாம்மா. பில்லுத் தேதிக்குள்ள முழுசாக் கட்டிட்டா வட்டியே இல்லை. தேதி தப்பினா மாசம் நூத்துக்கு மூணரை ரூபா. கார்டுல பணமா எடுத்தா அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். இன்னொண்ணு, கடன் வரம்பு. ரெண்டு லட்சம் வரைக்கும் போட்டு வச்சுக்கலாம். எடுத்ததுக்கு மட்டும், எடுத்த நாள்லேருந்து, மாசம் நூத்துக்கு ஒரு ரூபாச் சொச்சம். மாசாமாசம் வட்டியக் கட்டிட்டு, அசலைக் கையில வந்தப்போ கட்டலாம்."

"சும்மா கெடைக்கிறப்ப யாருக்கா வட்டிக்கு வாங்குவா?" என்றாள் வடிவு. "விருந்து முடிஞ்சு பத்து நாளைக்கு அப்புறந்தான் பில்லுத் தேதியே வருது."

"சந்தையில ஆட்டுக்காரன் கார்டை வாங்கி எந்த மடியிலடி முடிஞ்சுக்குவான்?"

மங்கை இரண்டு லட்சத்துக்குக் கடன் வரம்பு போட்டு, ஒரு லட்சம் மட்டும் எடுத்தாள். வடிவு கார்டு வாங்கினாள்.

"நீ காத்தடிச்சாலே கதவைத் தாழ் போடுற ஆளு" என்று சிரித்துவிட்டு வடிவு பஸ் ஏறினாள். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரின் அண்ணனுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுக்கும் நேரம் ஆகியிருந்தது.

விருந்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அந்தப் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். பங்காளி சாவு. தீட்டோடு விருந்து வைக்க முடியுமா? கருமாதி முடிந்து, மண்டபம் கிடைத்தது ஆவணிக் கடைசியில். அதுவரை ஆடுகள் மங்கையின் கொட்டகையில் தழை தின்று கொழுத்தன. "நம்ம குடும்பத்துல ஆட்டுக்குத்தான்டி ஆயுசு கெட்டி" என்றார் அவள் வீட்டுக்காரர். மங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையின் பில்லுத் தேதி அவளுக்கும் மனப்பாடம்.

கருமாதிக்கு மறுநாள் பஸ் நிறுத்தத்தில் வடிவைப் பார்த்தாள். மடியில் சுருக்குப் பை. கையில் ரப்பர் வளையல்.

"என்னடி கோலம் இது?"

"பேசாமப் போக்கா. நாளைக்குப் பில்லுத் தேதி. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

"கழட்டினதை மொதல்ல கையில போடு. அப்புறம் பஸ் ஏறு."

இருவரும் வங்கிக்குத்தான் போனார்கள். மங்கை தன் வரம்பில் மீதி இருந்த ஒரு லட்சத்தையும் எடுத்து, தங்கையின் கார்டுக்குக் கட்டினாள்.

ஆவணியில் விருந்து நடந்தது. மொய் குறைவில்லாமல் வந்தது. அன்றைக்கே வடிவு ஒரு லட்சத்தை அக்காளிடம் எண்ணிக் கொடுத்தாள். "பாத்தியா, நான் ஒத்தப் பைசா வட்டி கட்டலை. கார்டுதான் ஜெயிச்சுது." இரண்டு லட்சத்துக்கும் சேர்த்து மூவாயிரத்துக்கு மேல் வட்டி கட்டியிருந்த மங்கை, பணத்தை எண்ணி மடியில் முடிந்துகொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். வட்டியே கட்டாத வடிவு, இரண்டு பேர் வட்டியையும் கட்டிய மங்கை, இதில் யார் செய்தது சரி?

விடை: மங்கை செய்ததுதான் சரி. ஆட்டுக்கு ரொக்கம் வேண்டும். கார்டில் ரொக்கம் எடுத்திருந்தால் வட்டி மூன்று மடங்கு. அரிசிக்குக் கார்டு நல்ல வழிதான். ஆனால் பணம் வரும் நாள் உறுதியாக இருப்பவருக்குத்தான் அது நல்லது. வீட்டில் ஒருவருக்குத் தினமும் கஞ்சி ஊட்டிக்கொண்டே, விருந்து தள்ளிப்போகாது என்று வடிவு நம்பினாள். அவள் கட்டாத வட்டியை அவளுக்காக அக்காள் கட்டினாள். வழக்கு அம்மாவிடமும் போனது. அம்மா இருவர் கையையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு செம்புத் தண்ணி கொண்டாங்கடி" என்றாள். இப்போதுதானே குடித்தாய் என்று வடிவு முணுமுணுத்தாள். மங்கை மட்டும் எழுந்து போய்ச் செம்பை எடுத்தாள், வளையல் நன்றாகப் படும்படி.