முறுக்காத பட்டை

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடியும் இல்லை, கமண்டலமும் இல்லை. ஒரு பழைய வெள்ளை வேனும் அதன் கூரைமேல் ஒரு கேரியரும்தான் உண்டு. பெயர் எழிலரசி. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கடற்கரைச் சாலையில், ஆலிக்குப்பம் என்கிற மீனவர் குப்பத்தில் பிறந்தவர். அலைமேல் பலகை போட்டு எழுந்து நிற்க, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துவந்தார். அவருக்கு முப்பது வயதுக்கு மேல் கொஞ்சம் இருக்கும்.

சீடர் அவரைவிட மூத்தவர். சபாபதி என்று பெயர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு கடையில் உட்காரப் பிடிக்காமல் ஒருநாள் கடல் பார்க்க வந்தார். வந்தவர் வந்தவர்தான். தண்ணீர் குடித்து, விழுந்து, முட்டி தேய்ந்து, ஒருவழியாக நிற்கக் கற்றுக்கொண்டார். அப்புறம் எழிலரசிக்கு ஒத்தாசையாகவே இருந்துவிட்டார். சபாபதி அவரை மாஸ்டர் என்பார், எழிலரசி இவரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

அலை ஓரிடத்தில் உத்தியோகம் பார்க்கிற ஆள் இல்லை. இன்றைக்கு இங்கே எழும்பும், நாளைக்கு இருபது மைல் தள்ளி எழும்பும். அதன் பின்னால் போக வேண்டுமானால் பலகைகளை வண்டிமேல் ஏற்றித்தான் ஆக வேண்டும். அலையில் ஓட்டுகிற பலகைகள் போக, கழிமுகத்தில் துடுப்பு போட்டு நின்றபடி போகிற பெரிய பலகையும் உண்டு. அது ஒரு வாசக்கதவு அகலம் இருக்கும். அதனால் எழிலரசியிடம் வருகிறவர்களுக்கு முதல் பாடம் தண்ணீரில் கிடையாது, வேன் கூரையில்தான். பலகையைக் கவிழ்த்துப் போட வேண்டும். நாடாப் பட்டையை மேலே போட்டு, கம்பிக்கு அடியில் வாங்கி, பக்கிளில் கோத்து இழுக்க வேண்டும். பிறகு பலகையைப் பிடித்து ஆட்டினால் வேன் மொத்தமும் சேர்ந்து ஆட வேண்டும். அப்படி ஆடாவிட்டால் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வார்.

இதில் ஒரு தொல்லை உண்டு. தட்டையான பட்டைமேல் வேகக் காற்று அடித்தால் அது உறுமும். வண்டி ஓடுகிற வரைக்கும் தலைக்குமேல் ஒரே ரீங்காரம். இதற்கு எல்லோரும் அறிந்த கைவைத்தியம் ஒன்று இருக்கிறது. கட்டும்போது பட்டையை ஒரே ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் போதும், கப்சிப் என்று ஆகிவிடும். அந்தக் கரையோரத்தில் பலகை ஏற்றுகிற எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எழிலரசி மட்டும் செய்ய மாட்டார். வேனில் பாட்டுப் போடவும் விட மாட்டார்.

சபாபதி ஒருமுறை ஏன் என்று கேட்டார். எழிலரசி பட்டையை இழுத்துக்கொண்டே, "சத்தம் வரட்டும்ணா" என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது. குரு என்றால் ஒரு கிறுக்குத்தனமாவது இருக்கத்தான் செய்யும் என்று சபாபதி நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் எழிலரசிக்குக் காய்ச்சல். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் புதுச்சேரிப் பக்கம் கழிமுகத்துக்குக் கூட்டிப்போகும் வேலை சபாபதியிடம் வந்தது. பலகைகளை அவரே ஏற்றினார். எழிலரசி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று அனுப்பிவைத்தார்.

வண்டி வேகம் எடுத்ததும் பட்டை உறும ஆரம்பித்தது. பின்சீட்டில் இருந்த கைக்குழந்தை வீரிட்டு அழுதது. தாய் தட்டிக்கொடுத்தாள், பால் கொடுத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சத்தத்தை ஏதாவது செய்ய முடியுமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். சபாபதி இளகிய மனசுக்காரர். ஒரு இளநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்தினார். பட்டைகளை அவிழ்த்தார், ஒவ்வொன்றையும் ஒரு முறுக்கு முறுக்கினார், மறுபடி கோத்து இழுத்தார். குழந்தை அழுதுகொண்டே இருந்த அவசரத்தில் பெரிய பலகையின் பட்டையைப் பக்கிளில் புறம் மாற்றிக் கோத்துவிட்டார். அப்படிக் கோத்தால் இழுக்கும்போது இறுகினதுபோலவே இருக்கும். ஓட ஓடத்தான் நழுவும். ஆட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

வண்டி கிளம்பியது. ஒரு சத்தமும் இல்லை. குழந்தை தூங்கிவிட்டது. தாய் நன்றி சொன்னாள். இந்தச் சுகத்தை இத்தனை நாள் விட்டுவிட்டோமே என்று சபாபதி சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் அவருக்குப் பிற்பாடு மறக்கவே இல்லை. நடந்ததைவிட அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

பாலத்தின்மேல் பக்கவாட்டுக் காற்று அடித்தது. பெரிய பலகை எழும்பியதைச் சபாபதி வண்டியின் பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தார். பின்னால் பைக்கில் வந்தவர் தணிகாசலம், டைல்ஸ் பதிக்கிற வேலைக்காரர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பலகை அவர் நெஞ்சில் விழுந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேனுக்குள் குழந்தை அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தது.

போலீஸ், கோர்ட் எல்லாம் நடந்தது. விதித்த தண்டனையைச் சபாபதி அனுபவித்துவிட்டு வெளியே வந்தார். இன்னும் கொஞ்சம் கூடவே கொடுத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இதை யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியவில்லை.

தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனார். போகாதே என்று வக்கீல் சொல்லியும் போனார். அவர் மனைவி அஞ்சலை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இவர் யார் என்று தெரிந்ததும் கூச்சல் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தார். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தார். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. ரொம்ப நாளாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டாள்.

"பலகைன்னு சொன்னாங்க. அது இன்னா பலகை?"

சபாபதி சொன்னார். தண்ணீர்மேல் போட்டு, மேலே ஏறி நின்று, துடுப்பு போட்டுப் போகிற பலகை.

"மீன் புடிக்கவா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு?"

"சும்மா. ஒரு சந்தோஷத்துக்கு."

அஞ்சலை குனிந்து கீரையை உருவ ஆரம்பித்தாள். சபாபதி நின்றுகொண்டே இருந்தார், அவள் நிமிரவே இல்லை. கடைசியில் அவராகத்தான் திரும்பி நடந்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்தச் சத்தம். பட்டை உறுமுகிற அதே சத்தம், காதுக்குள். சோற்றில் கை வைத்தால் கேட்டது, படுத்தால் கேட்டது. மறுபடி கடையில் உட்கார்ந்தபோது, வந்தவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, எழுத்துத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்க முடியாமல் நின்றார். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் காது சுத்தமாக இருக்கிறது என்றார். கோயில் குளமெல்லாம் போனார். கோயில் மேளத்தையும் மீறி அது கேட்டது. கடையைத் தம்பியிடம் விட்டார். அன்றைக்கு நான் முறுக்கி அடக்கிய சத்தம்தான் எனக்குள் வந்து குடியேறிவிட்டது என்று தம்பியிடம் சொன்னார். தம்பி பயந்துபோனான்.

இனி முடியாது என்கிற நிலைமையில்தான் அவர் ஆலிக்குப்பத்துக்குத் திரும்பி வந்தார். எழிலரசி வேனில் பலகை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

சபாபதி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, இதை நிறுத்த ஒரு வழி சொல்ல வேண்டும் என்றார். எழிலரசி பெரிய பலகையைக் காட்டினார்.

"கட்டுண்ணா."

"என்னால ஆகாது மாஸ்டர்."

எழிலரசி வேன்மேல் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. அவர் அந்த இடத்தைவிட்டு நகரப் போவதில்லை என்று தெரிந்ததும் சபாபதி பட்டையை எடுத்தார். கோப்பது தவறிக்கொண்டே இருந்தது. எழிலரசி ஒத்தாசைக்கு வரவில்லை. ஒருவழியாகக் கட்டி முடித்தார். முறுக்கவில்லை. பலகையைப் பிடித்து ஆட்டினார், வேன் மொத்தமும் ஆடியது. மறுபடி ஆட்டினார். எழிலரசி போதும் என்கிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எழிலரசி ஓட்டினார், சபாபதி பக்கத்தில் உட்கார்ந்தார். சாலை காலியாகி வேகம் எடுத்ததும் தலைக்குமேல் பட்டை உறுமத் தொடங்கியது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சபாபதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்தினால் உள்ளே இருப்பது இன்னும் பலமாகக் கேட்டது. கையை எடுத்துவிட்டு, வெட்கம் பார்க்காமல் அழுதார்.

அந்த இளநீர்க் கடை வந்தது, கடந்து போயிற்று. எழிலரசி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் தலைக்குமேல் சத்தம் மாறியது. இரண்டு பட்டைகளில் ஒன்றின் குரல் கம்மிப் போயிற்று. சபாபதிக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, எழிலரசி அதற்குள் வண்டியை ஓரம்கட்டிவிட்டார். இறங்கி, கதவுப் படியில் ஏறி நின்று பார்த்தார். வண்டி குலுங்கிய குலுக்கலில் பட்டை விரலளவு தளர்ந்திருந்தது. இழுத்து இறுக்கினார், ஆட்டிப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார். வண்டியை எடுத்தார். இரண்டு பட்டையும் மறுபடி ஒரே குரலில் உறுமின.

சபாபதி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. இத்தனை காலம் கழித்து விளங்கியது. விளங்கி இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

"இதுக்குத்தானா மாஸ்டர்?"

"ஆமாண்ணா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே."

எழிலரசி சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"கேட்ட. நான்தான் சொல்லல. சொன்னதச் செய்யட்டும், காரணம் எதுக்குன்னு இருந்துட்டேன்." ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் கேக்குதுண்ணா."

சபாபதி திரும்பிப் பார்த்தார். எழிலரசி இளைத்ததற்கு வேலை குறைந்தது மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஆறுதல் சொல்ல அவரிடம் எதுவும் மிச்சம் இல்லை.

பாலம் வந்தது. கீழே கழிமுகத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. காற்று பக்கவாட்டில் அடித்தது, பலகைகள் அசையவில்லை, பட்டைகள் மட்டும் இன்னும் பலமாக உறுமின. கண்ணாடியில் பின்னால் ஒரு பைக் வருவதைச் சபாபதி பார்த்தார். யாரோ ஒருவர், சாப்பாட்டுப் பை முன்னால் தொங்க, சாவகாசமாக வந்துகொண்டிருந்தார். அவர் தாண்டிப் போகிற வரைக்கும் சபாபதி மூச்சு விடவில்லை.

பாலம் முடிந்தது. கேட்க வந்த கேள்வியை அவர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை வழி கேட்கவில்லை. முடிவு மட்டும் தெரிந்தால் போதும் என்று கேட்டார்.

"எனக்குள்ள கேக்குறது எப்ப மாஸ்டர் நிக்கும்?"

"நிக்காதுண்ணா" என்றார் எழிலரசி. "என்னிக்காவது நின்னுதுன்னா, வண்டிய ஓரம்கட்டிட்டு எறங்கிப் பாரு."