நிமிர்ந்து பார்த்த அஞ்சலை

உங்க பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலம் அது. பனிமலை அடிவாரத்திலே ஒரு ராஜ்யம், நடுவிலே பெரிய ஏரி. பனிமாயன்னு ஒரு மந்திரவாதி வந்து அந்த ஏரியை உறைய வச்சுட்டான். மீன் பிடிச்சுப் பிழைச்ச ஜனங்க வலையைச் சுருட்டி வச்சுட்டுப் பட்டினி கிடந்தாங்க.

"வளைஞ்ச கம்பாலே இந்தக் கருப்பு வட்டைத் தள்ளிட்டு வந்து ஏரி மேலே நட்டு வச்சிருக்கிற என் வாசலுக்குள்ளே போடுங்க, ஏரியை விட்டுப் போயிடறேன்"னான் மாயன். "ஆனா என் கரடிங்ககிட்டே வட்டைப் பறிகொடுத்தவங்க நின்ன இடத்திலேயே பனிச்சிலை."

ராஜா போனார், சிலையானார். தளபதி போனார், சிலையானார். அஞ்சலையோட புருஷன் மாசாணமும் போனான், அவனும் சிலை. மூணு பேரும் பண்ணின தப்பு ஒண்ணுதான். அந்த வட்டு பேசும். "அடி, அடி, இப்பவே அடி"ன்னு நச்சரிக்கும். அதைக் கேட்டுத் தலை நிமிராம ஓடி, நேரா கரடிங்க நடுவிலே போய் மாட்டிக்கிட்டாங்க.

கடைசியிலே மீனவப் பொம்பளைங்கதான் மிச்சம். அஞ்சலைக்கு உடம்பிலே தெம்பே இல்லை. தினமும் சிலை மேலே விழுற பனியைத் தட்டித் தட்டித் தோள் விட்டுப்போச்சு. புருஷனோட தங்கச்சி சிட்டம்மா வேற, "நீதான் எங்க அண்ணனைத் தடுக்கலை"ன்னு பேச்சையே நிறுத்திட்டா. இருந்தாலும் ரெண்டு பேரும் மத்தப் பொம்பளைங்களோட, பனியிலே வழுக்கிட்டு ஓடக் காலிலே எலும்புச் சறுக்கைக் கட்டிக்கிட்டு இறங்கினாங்க. ரெண்டு பேருக்கும் வேண்டியது அந்த ஒரு மனுஷன்தானே.

வட்டு அஞ்சலைகிட்டே வந்துச்சு. "அடி, அடி, இப்பவே அடி"ன்னுது.

"பொறு. நிமிர்ந்து பார்த்துக்கிறேன்."

எதிரே மூணு கரடி. பக்கத்து வீட்டுப் பேச்சிக்கு முன்னாலே யாருமில்லை. அவகிட்டே தள்ளிவிட்டா.

வட்டு சுத்தித் திரும்பி வந்துச்சு. "அடி, அடி, இப்பவே அடி."

"பொறு. நிமிர்ந்து பார்த்துக்கிறேன்."

இந்தத் தடவை யாருமே தோதா இல்லை. சும்மா தூக்கிப் போட்டா கரடிக்குத்தான் போகும். கம்போட அணைச்சுக்கிட்டு, மூச்சு வாங்க, மாயனோட வாசலுக்குப் பின்பக்கமாச் சுத்தி வந்தா. கால் ரெண்டும் கெஞ்சுச்சு. பாவம், எனக்கே சொல்லச் சொல்ல இடுப்பு வலிக்குது.

சுத்தி முன்னாலே வந்தா, வாசல் எட்டுற தூரத்திலே இருந்துச்சு. மாயனே குறுக்கே குந்தியிருந்தான். கரையிலே ஜனங்க "அடி"ன்னு கத்தினாங்க. வட்டு குரலைத் தாழ்த்திக் குழைஞ்சுது. "அடி, அஞ்சலை. உன் புருஷன் வந்திடுவார்."

அவளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அடிச்சுத் தொலைச்சுட்டுப் படுத்துடலாமான்னு இருந்துச்சு. ஆனாலும் சொன்னா, "பொறு. நிமிர்ந்து பார்த்துக்கிறேன்."

பார்த்தா, மாயன் கண்ணு, கரடிங்க கண்ணு, எல்லாம் அவ மேலேதான். தள்ளிப் பின்னாலே சிட்டம்மா தனியா நின்னுக்கிட்டிருந்தா. அந்த நாட்டிலே எதிரி முன்னாலே நின்னுக்கிட்டு எதையும் பின்னாலே தள்ளுறதுன்னா அவமானம், கோழைத்தனம்னு காறித் துப்புவாங்க. அஞ்சலைக்கு அவமானப்படக்கூடத் தெம்பு மிச்சமில்லை.

"சிட்டு, எடும்மா"ன்னு பின்னாலே தள்ளினா.

"சரி அண்ணி."

எத்தனை நாள் கழிச்சு வந்த அண்ணி அது. மாயன் இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ளே சிட்டம்மா வாசலோட அந்தப் பக்கத்து மூலையிலே அடிச்சுட்டா. வட்டு வாசலுக்குள்ளே விழுந்து வாயை மூடிக்கிச்சு.

மாயனும் கரடிங்களும் கரைஞ்சு தண்ணியாப் போனாங்க. ஏரியும் உருகுச்சு. ராஜா, தளபதி, மாசாணம் எல்லாரும் தொபுக்குன்னு தண்ணியிலே. மீனவப் பொம்பளைங்களுக்கு நீச்சல் சொல்லியா தரணும், எல்லாரையும் இழுத்துக் கரை சேர்த்தாங்க.

மாசாணம் நடுங்கிக்கிட்டே கேட்டான், "யாரு அடிச்சது?"

"உங்க தங்கச்சி."

"அப்போ நீ என்ன பண்ணினே?"

"பார்த்தேன்"னு சொல்லிட்டு அஞ்சலை அவன் மடியிலே தலை வச்சுத் தூங்கிட்டா. ராஜா பரிசோட வந்து நின்னார். "அண்ணி தூங்குறாங்க, அப்புறம் வாங்க"ன்னு சிட்டம்மா அவரைத் திருப்பி அனுப்பிட்டா.