எட்டு பத்து பஸ்ஸுக்கு மூணு லெட்டர்

ஒரு ஊர்ல ஒரு பஸ் ஸ்டாப் இருந்துச்சு. கிரஷர் மேடுன்னு பேரு. நிழற்குடை இருந்துச்சு, அதைத் திறந்து வச்சவங்க பேரெல்லாம் ஆளுயரத்துக்கு எழுதியிருந்துச்சு. பஸ்ஸு மட்டும் நிக்காது. 'ம்' சொல்லு மகி, சொன்னாத்தான் கதை நகரும்.

"ம். ஏன் அத்தை நிக்காது?"

அங்க ஏறுறது ஏழே பேரு. ஏழும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, எல்லார்கிட்டயும் இலவச பாஸ். அதுக்குப் போயி யாராவது பிரேக்கைத் தேய்ப்பாங்களா? காலைல எட்டு பத்துக்கு டவுன் பஸ் வரும், பிள்ளைங்க கையைக் காட்டும், பஸ்ஸு சர்ர்ர்ருனு போயிரும்.

அந்த ஏழு பேர்ல ஒருத்தி வேம்பு. ஒன்பதாவது படிச்சா. அஞ்சு கிலோமீட்டர் நடந்து தினமும் லேட்டாப் போனா. அவ அப்பா சொல்லிட்டாரு, "இந்த மாசத்துக்குள்ள பஸ்ஸு நிக்கலேன்னா படிச்சது போதும். அக்காகூட நூல் மில்லுக்குப் போ."

அப்போ வேம்பு ஓடிப்போயி தமிழ் ஐயா சற்குணத்துகிட்ட சொன்னா. "டிப்போ மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதித் திருத்திக் குடுங்கய்யா."

சற்குணம் ஐயா வகுப்புல சூரியன் சும்மா உதிக்காது. பொற்கரங்களை நீட்டிக்கிட்டுத்தான் உதிக்கும். மழை பெய்யாது, வானமகள் கண்ணீர் வடிப்பா. 'மழை பெய்தது'ன்னு எழுதுனா சிவப்பு மையில ஒரு சுழி, பக்கத்துல 'நயம் இல்லை'. நயத்தைச் சேத்து வைக்கவே அவர்கிட்ட ஒரு எண்பது பக்க நோட்டு.

"ம்."

வேம்பு எழுதுனதைப் பாத்துட்டு ஐயா முகம் சுளிச்சாரு. "என்ன பிள்ளை, பஸ்ஸு நிக்கலேன்னு மொட்டையா எழுதியிருக்க? படிக்கிறது அதிகாரி!" நோட்டைத் திறந்தாரு. 'அகிலம் போற்றும் அறிவுச் சுடரே, போக்குவரத்தின் பொன்விளக்கே'ன்னு ஆரம்பிச்சு நாலு பக்கம் போச்சு. தென்றல் வந்துச்சு, தேன் வந்துச்சு, வாடும் மலர்களெல்லாம் வந்துச்சு. கிரஷர் மேடு வரல. எட்டு பத்தும் வரல. அதுக்கெல்லாம் இடம் பத்தல.

ஒரு வாரத்துல பதில் வந்துச்சு. சரக்குனு பிரிச்சாங்க. 'எனது பதவி உயர்வுக்குத் தாங்கள் அனுப்பிய வாழ்த்து மடல் கிடைத்தது. நன்றி.' மேனேஜர் அதைச் சட்டம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்காராம். அவரைச் சொல்லிக் குத்தமில்ல.

"பஸ்ஸு?"

சர்ர்ர்ரு.

அப்புறம் ஐயா சொன்னாரு, "மென்மை பலிக்கல. இனி வீரம்!" நோட்டைப் பின்பக்கத்துலேர்ந்து திறந்தாரு. 'வன்மையாகக் கண்டிக்கிறோம்! எரிமலை வெடிக்கும்! டிப்போ அதிரும்!' வரிக்கு மூணு ஆச்சரியக்குறி.

"ஐயா, நாங்க ஏழு பேருதானே இருக்கோம்?"

"எண்ணிக்கையா பிள்ளை முக்கியம்? தொனி!"னு சொல்லி, 'ஏழு மாணவர்கள்'ங்கறதை அடிச்சுட்டு 'கடலெனத் திரண்ட மாணவர் படை'ன்னு திருத்துனாரு.

மூணாம் நாள் பள்ளிக்கூடத்து வாசல்ல டுர்ர்ர்ருனு ஜீப் வந்து நின்னுச்சு. ரெண்டு போலீஸ்காரங்க இறங்குனாங்க. ஒருத்தர் காகிதத்தைப் பாத்துக் கேட்டாரு, "இங்க எரிமலை யாருப்பா?"

அத்தனை பிள்ளைங்களும் ஒரே நேரத்துல சற்குணம் ஐயாவைக் கை காட்டிருச்சுங்க.

"சார், அது உவமை..."

"அந்த ஆளையும் கூட்டிட்டு வாங்க."

ஐயாவுக்குக் குபுகுபுன்னு வேர்த்துருச்சு. அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாரு: 'இனிமேல் இப்படி எழுத மாட்டேன்.' அதுல நயமே இல்ல. போலீசுக்கு டக்குனு புரிஞ்சுது.

"சிரிப்பு வருது அத்தை."

வேம்புக்கு வரலையே. மாசம் முடிய நாலே நாளு. அக்கா அவளுக்கும் சேத்து மில்லுல சொல்லி வச்சாச்சு. அப்போ வேம்பு யாரையும் கேக்கல. ஒரு போஸ்ட் கார்டு வாங்குனா. சின்னக் கார்டு, பொன்விளக்கு வைக்க இடமில்ல. கூட்டாளிகிட்ட பேசுறமாதிரியே எழுதுனா:

'ஐயா, காலைல எட்டு பத்து பஸ் கிரஷர் மேட்டுல நிக்கறதில்ல. நாங்க ஏழு பேர் கை காட்டுறோம். டிரைவர் அண்ணனும் திருப்பிக் கை காட்டிட்டுப் போயிடறாரு. முப்பதாம் தேதிக்கு மேல நான் மில்லுக்குப் போயிடுவேன். மத்த ஆறு பேருக்காவது நிறுத்தச் சொல்லுங்க. வேம்பு, ஒன்பதாம் வகுப்பு.'

மேனேஜர் படிச்சாரு. இன்னொரு தடவ படிச்சாரு. டிரைவரைக் கூப்பிட்டு, "கை காட்டுனியாய்யா?"ன்னு மட்டும் கேட்டாரு. டிரைவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. முப்பதாம் தேதி காலைல, எட்டு பத்துக்கு, கிரீஈஈச்! நின்னுச்சு. அப்பா ஸ்டாப்பு வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. மில்லுப் பேச்சு அதோட போச்சு.

"ம்... முடிஞ்சுதா?"

நல்லா எழுதுனா அதோட விட்ருவாங்களா? மேனேஜர் அந்தக் கார்டையும் ஆபீஸ்ல மாட்டுனாரு, பாத்தவங்க எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. ஒரு கைடுக்காரங்க 'மாதிரிக் கடிதம்'னு அச்சடிச்சுட்டாங்க. அப்புறம் ஜில்லா பூரா பிள்ளைங்க அதை மனப்பாடம் பண்ணுச்சுங்க. தண்ணி வரலேன்னு எழுதுன பையன்கூட 'குழாய் அண்ணனும் திருப்பிக் கை காட்டிட்டுப் போயிடறாரு'ன்னு எழுதுனான். சற்குணம் ஐயா அவனுக்கு 'நயம் உண்டு'ன்னு போட்டாரு. நோட்டுலயும் அந்த வரியை ஏத்திக்கிட்டாரு.

அரைப்பரீட்சைல கேள்வி வந்துச்சு: 'பேருந்து நிறுத்தம் வேண்டிக் கடிதம் எழுதுக.' எல்லாரும் கைடுல இருந்தபடியே எழுதி முழு மார்க் வாங்குனாங்க. வேம்பு மட்டும் வேற எழுதுனா: 'காலை பஸ் இப்ப நிக்குது ஐயா. சாயங்காலம் அஞ்சே கால் பஸ்தான் நிக்கறதில்ல. இருட்டுன பிறகுதான் வீட்டுக்குப் போறோம்.' பத்துக்கு நாலு. ஓரத்துல சிவப்பு மை: 'மாதிரிக் கடிதம் போல் இல்லை.'

"அது அவ எழுதுனதுதானே அத்தை!"

கூட்டாளியும் அதைத்தான் கேட்டா. "உன்னுதையே திருப்பி எழுதியிருந்தா பத்து வந்திருக்குமேடி, கிறுக்கி."

"நிக்கிற பஸ்ஸை நிக்கலேன்னு எப்படிடி எழுதறது?"ன்னா வேம்பு. அப்புறம் அந்த நாலு மார்க்கு வரிகளை அப்படியே ஒரு கார்டுல எழுதி டிப்போவுக்குப் போட்டா. திங்கக்கிழமைலேர்ந்து அஞ்சே கால் பஸ்ஸும் நின்னுச்சு.

கதை ஸ்டாப்புல இறங்கிருச்சு. நீயும் கண்ணை மூடு, தூங்கு.