கோல் வாங்காத பின்வரிசை

வியாகப்பனுக்குக் கோபம் ஏறிவிட்டால் சிலுவைத்துறையில் யாரும் அவருக்கு எதிரே வரமாட்டார்கள். சந்து பொந்து பார்த்து விலகிவிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். இளவயதில் ஊர் கால்பந்து டீமில், கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிற ஸ்டாப்பராக ஆடியவர். அவரைத் தாண்டிப் பந்து போகலாம், ஆள் போகலாம், இரண்டும் சேர்ந்து போனதாக யாரும் சொன்னதில்லை.

மகள் பிரகாசியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, பந்தியில் மச்சினன் தொம்மை ஏதோ கேலி சொன்னான். வியாகப்பன் எழுந்தார். பிரியாணி அண்டாவைக் காலால் எத்திக் கவிழ்த்தார். நூறு பேருக்கு ஆக்கிய சோறு மணலில் கிடந்தது. சத்தத்தில் பிள்ளை வீறிட்டது. பிரகாசி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷன் ஊருக்குப் போனவள்தான். ஏழு மாதம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் சொல்லி அனுப்பினாள்.

"நாப்பது நாளு. ஒரு ஆளு மேல குரல் ஓங்கக் கூடாது, கை ஓங்கக் கூடாது. கித்தேரி டீச்சர் சாட்சி சொல்லணும். டீச்சர் சொன்னா திருவிழாக் கொடியேத்தத்துக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வாரேன். இல்லைன்னா அப்பா முகத்துலயே முழிக்க மாட்டேன்."

கித்தேரி டீச்சருக்கு வியாகப்பனைவிட இருபது வயதுக்கு மேல் குறைவு. கடற்கரையில் இருக்கிற அந்தோணியார் குருசடி என்கிற சின்னக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவர். மனசு சரியில்லாத பெரியவர்களும் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். டீச்சர் அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிரகாசி ஆள் தெரிந்துதான் சாட்சி கேட்டிருந்தாள்.

முதல் நாள் வியாகப்பன் விடியற்காலையிலேயே குருசடிக்கு வந்து முழங்காலிட்டார். சாயங்காலம் வரை அசையவில்லை.

"எப்படி மாமா இருந்திய?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒண்ணும் வரல டீச்சர். மனசு தண்ணி மாதிரி இருந்துச்சு."

"இங்க யாரு மேல கோவப்படுவிய? அந்தோணியார் மேலயா?"

வியாகப்பனுக்குச் சுருக்கென்றது.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வலைக்கூடத்துல போய் உக்காருங்க. செபமாலைக்கு மணி அடிச்சதும் இங்க வாங்க."

"வலைக்கூடத்துல தொம்மை இருப்பான்."

"ஆமா," என்றார் டீச்சர். "தினமும் இருப்பான்."

வலைக்கூடம் குருசடிக்கு அடுத்தாற்போல. ஓலைக்கூரைக்குக் கீழே ஆண்கள் கிழிந்த வலையைப் பொத்துவார்கள். கை வலையில் இருக்கும், வாய் பந்தாட்டத்தில் இருக்கும். அந்த வருடம் பேச்சு முழுக்க ஒன்றே ஒன்று. திருவிழாக் கோப்பைக்கு ஃபைனல் வரப்போகிறது. எதிர் டீம் மேலக்கரை. மேலக்கரைக்கு அந்த வருடம் பத்து மேட்ச் முடிந்திருந்தது. பத்திலும் அவர்களுடைய கோல்கீப்பர் ஒரு கோல்கூட வாங்கியிருக்கவில்லை. சிலுவைத்துறையோ அரையிறுதி டிரா ஆகி, டாஸில் ஜெயித்து ஃபைனலுக்கு வந்த டீம்.

"அந்தக் கோலி பனியனைத் துவைக்கிறதே இல்லையாம்வே," என்றார் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியநாயகம். "அழுக்கானாத்தானே துவைக்கணும்."

"எவன்கூட ஆடி அழுக்காகல? நம்ம ஃபார்வர்டு சிங்கராயன்கூட ஆடினானா?" இது தொம்மை. மீன் ஏலம் கூறுகிறவன். அவன் மெதுவாகப் பேசினாலே அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்.

"ஒன் சிங்கராயன் போன மேட்ச்ல கோலி இல்லாத போஸ்ட்ட விட்டுட்டு வானத்துக்கு அடிச்சான்."

"அது காத்துவே."

"காத்து அவன் ஒருத்தனுக்கு மட்டுமா அடிக்கி?"

"மாதா திருவிழாவுல மாதா நம்மளக் கைவிடுவாளா?"

"மேலக்கரைக் கோயில்லயும் மாதாதாம்ல நிக்கா. அவ யாரு பக்கம் பாப்பா, பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியநாயகம் வியாகப்பன் பக்கம் திரும்பினார். "நீரு ஸ்டாப்பர் ஆடுனவரு. நீரு சொல்லும்."

வியாகப்பன் உள்ளதைச் சொன்னார். "அவனுவ பின்வரிசைய ஒடைக்க முடியாது. கிளேட்டஸ் நிக்கிற வரைக்கும் முடியாது."

கிளேட்டஸ் மேலக்கரையின் ஸ்டாப்பர். பாறை என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள்.

அன்றோடு வியாகப்பனுக்குப் பிடித்தது சனி.

"சொந்த ஊரு தோக்கணும்னு நேர்ச்சை வச்சிருக்கியளா அத்தான்?" என்றான் தொம்மை. "மேலக்கரையில புதுசா வீடு கீடு பாத்திருக்கியளா?"

கூடம் குலுங்கியது. வியாகப்பனுக்கு உள்ளங்காலில் கிளம்பிய சூடு காதுமடலில் வந்து நின்றது. விரல்கள் தாமாக மடங்கின. ஏழு மாதம் ஆகிறதே, பிள்ளை இப்போது உட்கார்ந்திருப்பானே, பல் முளைத்திருக்குமே என்று நினைத்தார். கன்னத்தின் உள்சதையைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டார். வாயில் உப்புக் கரித்தது. செபமாலை மணி அடித்ததும் குருசடிக்கு நடந்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் வெளிய விடல டீச்சர்," என்றார்.

"ம்," என்றார் டீச்சர்.

மறுநாளும் அதே கூடம், அதே தொம்மை.

"அத்தான் ஆடுன காலத்துல பந்துக்குக் காத்து ஊதுனாங்களா, இல்ல தேங்காய வச்சு ஆடுனியளா?"

அதற்கு மறுநாள், "அத்தானுக்கு மேலக்கரை பனியன் ஒண்ணு தச்சுக் குடுங்கல. நெஞ்சுல பாறைன்னு எழுதி."

இரண்டு தரமும் வியாகப்பன் கன்னத்தைக் கடித்தார். புண் ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் கடித்தார். வீட்டில் அவர் மனைவி குழம்புக்கு மிளகாய் போடுவதையே விட்டுவிட்டாள்.

இருபது நாள் போனது. முப்பது நாள் போனது. பேச்சு ஓய்ந்தபாடில்லை.

"கேளுங்கவே," என்றான் தொம்மை ஒரு நாள். "அவனுவளுக்கு ஒரே ஒரு கோல் விழட்டும். அது போதும். வாங்கிப் பழக்கமே இல்லாத பயலுவ. விழுந்த பிற்பாடு என்ன செய்யணும்னே தெரியாது. ஒருத்தன ஒருத்தன் வைவான், அடிச்சுக்கிடுவான். பொறவு நீங்க எண்ணிக்கிட்டே இருக்கலாம். ரெண்டு, மூணு, நாலு."

"முதல்ல ஒண்ண அடிக்கச் சொல்லு உன் சிங்கராயன," என்றார் பெரியநாயகம்.

"அடிப்பான். அப்ப அத்தான் மூஞ்சிய நான் பாக்கணும். அதுக்குத்தாம்ல நான் உசுரோட இருக்கேன்."

அன்றைக்கு வியாகப்பன் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்துவிட்டார். இன்னும் ஒரு நொடி இருந்தால் பொத்துகிற ஊசியைப் பிடுங்கி அவன் வாயைத் தைத்திருப்பார்.

முப்பத்தொன்பதாம் நாள் குருசடியில் வேறு யாரும் இல்லை. டீச்சர் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். வியாகப்பன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"கோவம் கொறையும்னு நெனச்சேன். ஒரு பொட்டுக் கொறையல. கூடித்தான் இருக்கு. வாசல்ல நின்னு மறிச்சுக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். இப்பக்கூட அவன் கழுத்தத் திருகணும் போல இருக்கு. இது எப்ப டீச்சர் சாகும்?"

டீச்சர் திரியை எண்ணெயில் நனைத்தார். "நாளைக்கு மேட்ச் பாக்க நானும் வாரேன் மாமா."

"நான் கேட்டதுக்கு அது பதிலா?"

"உங்க சத்தம் கூடிச்சு மாமா."

"கூடல டீச்சர்."

டீச்சர் திரியை விளக்கில் இட்டார். "சரி. கூடல," என்றார்.

வியாகப்பன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் டீச்சர் மேலேயும் கோபமாக வந்தது. முப்பத்தொன்பது நாள் ரத்தம் குடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் சத்தம் கூடிச்சு என்கிறார். ஒரு வார்த்தை நல்லா இருக்கிய மாமா என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? நாளை ஒரு நாள். ஒரே ஒரு நாள். அப்புறம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எவன் என்ன பேசினாலும் கேட்டுக்கொள்ளலாம்.

ஃபைனல் அன்று கடற்கரை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மணலைச் சமன்படுத்தி, சுண்ணாம்புக் கோடு இழுத்து, பழைய வலையைப் போஸ்டில் கட்டியிருந்தார்கள். வியாகப்பன் கோட்டோரம் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் கித்தேரி டீச்சர். பின்னால் அவர் மனைவி. அந்தப் பக்கம், எங்கே தேடிப் போய் உட்கார்ந்தாலும் விடமாட்டேன் என்கிற மாதிரி, தொம்மை.

முதல் பாதி முழுக்க வியாகப்பன் சொன்னதுதான் நடந்தது. சிங்கராயன் இடது பக்கம் ஓடினான், கிளேட்டஸ் முன்னமே அங்கே நின்றான். வலது பக்கம் ஓடினான், அங்கேயும் நின்றான். உயர அடித்த பந்தெல்லாம் கிளேட்டஸின் நெற்றிக்கே போனது. அவன் அவசரப்படவே இல்லை.

"பாத்தியால?" என்றார் வியாகப்பன். நாற்பது நாளில் தொம்மையிடம் அவராகப் பேசியது அது ஒன்றுதான். சத்தம் இல்லாமல் சொன்னார். உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது.

தொம்மை மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டான்.

ஆட்டம் முடிய இருபது நிமிஷம் இருந்தது. சிலுவைத்துறைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. வந்த பந்தை யாரோ தப்பும் தவறுமாக உதைத்தான். அது மேலக்கரைக்காரன் ஒருவனின் முழங்காலில் பட்டுத் திசை மாறி, விழுந்து கிடந்த கோலியின் பக்கத்தில் உருண்டு, வலைக்குள் போனது. அழகான கோல் இல்லை. ஆனால் கோல்தான்.

சிலுவைத்துறை எழுந்து குதித்தது. வெடி போட்டார்கள். தொம்மை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வியாகப்பனின் முகத்துக்கு நேரே வந்து ஆடினான்.

"ஒடஞ்சிட்டு அத்தான். உங்க பாறை ஒடஞ்சிட்டு."

வியாகப்பன் கன்னத்தைக் கடித்தார்.

"எங்க, மூஞ்சியக் காட்டுங்க. நல்லாக் காட்டுங்க."

இன்னும் அழுத்திக் கடித்தார்.

தொம்மை குனிந்தான். "பேரன் வந்தா அவனுக்குச் சொல்லிக் குடுங்க அத்தான், பாறை எப்படி ஒடஞ்சுதுன்னு." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தான். "வந்தா."

வியாகப்பன் எழுந்தது அவருக்கே தெரியாது. வாயிலிருந்து வந்த சத்தம் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. வெடி போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய இடது கை தொம்மையின் சட்டைக் காலரைப் பிடித்து முறுக்கியிருந்தது. தொம்மையின் குதிகால் மணலை விட்டு எழும்பிவிட்டது. பின்னால் மனைவி "ஐயோ பிரகாசி" என்று சொன்னது காதில் விழுந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போச்சு.

நாற்பது நாளும் போச்சு. கடித்த கடியும் குடித்த ரத்தமும் போச்சு. பிள்ளை வரப் போவதில்லை. கத்தினது கத்தினதுதான், அடித்தாலும் அதே கணக்குத்தான். இனி எதற்கு அடக்க வேண்டும்? யாருக்காக? போனதுதான் போனது, இவன் பல்லையாவது இன்றைக்குக் கையில் எடுக்கலாம். வலது கை பின்னால் போய் முஷ்டி இறுகியது.

டீச்சர் அவர் கையைப் பிடிக்கவில்லை. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை.

"மாமா, அங்க பாருங்க."

"என்னத்தப் பாக்கச் சொல்லுதிய?" டீச்சர் மேலேயே இரைந்தார்.

"உங்க ஸ்டாப்பர."

வியாகப்பன் ஓங்கிய கையோடு திரும்பிப் பார்த்தார்.

மேலக்கரைக் கோலி குப்புற விழுந்து மணலைக் குத்திக்கொண்டிருந்தான். பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவனை ஒருவன் நெஞ்சில் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கிளேட்டஸ் அவர்களுக்கு நடுவில் வந்தான். ஒருவனை இந்தப் பக்கமும் ஒருவனை அந்தப் பக்கமும் விலக்கினான். பிறகு தங்கள் கோலுக்குள்ளே போனான். பந்து வலையின் கிழிசலில் மாட்டிக் கிடந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணி கண்ணியாக விலக்கி, அதை எடுத்தான். அந்த வருடம் அந்த வேலையை அவன் செய்தது அதுதான் முதல் தடவை. கோலியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, அவன் பனியனில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான்.

பந்தை இடுக்கிக்கொண்டு நடுவுக்கு நடந்தான். சிலுவைத்துறைக்காரர்கள் ஊளையிட்டார்கள். யாரோ அவன் மேல் மணலை வீசினான். அவன் திரும்பவில்லை. நடுப்புள்ளியில் பந்தை வைத்தான். ரெஃப்ரியிடம் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டான்.

காலர் பிடியில் தொங்கிக்கொண்டே தொம்மையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "இவன் என்ன," என்று தொடங்கினான். ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணச் சொன்னவன் அவன்தான்.

வியாகப்பன் காலரை விடாமலே கேட்டார். "எனக்கு முடிஞ்சு போச்சு டீச்சர். பிரகாசிகிட்ட என்ன சொல்லுவிய?"

"ஒரு கோல் உள்ள போச்சுன்னு சொல்லுவேன்."

"அவ வரமாட்டா."

"பொறவு என்ன நடந்துச்சுன்னு கேப்பா."

"என்ன சொல்லுவிய?"

டீச்சர் அவருடைய ஓங்கிய கையைப் பார்த்தார்.

"அத நான் இன்னும் பாக்கல மாமா."